ஆறுமுகம் மந்திரம், பேட்டரி, நானோ மெட்டீரியல்ஸ்: அடிக்கடி வர்ற கேள்விகளும் என்னோட பதில்களும்

எலக்ட்ரோகெமிஸ்ட்ரி படிக்கலாமா, நானோவுக்கு ஸ்கோப் இருக்கா, நோபல் மேடையில பேசின தமிழர் ஒருத்தர் இருக்காராமேன்னு காலேஜ் பசங்க நிறைய பேர் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. நானும் இதே துறையில லேப்ல வேலை பாக்கற ஆள்தான், அதனால சில இடத்துல கொஞ்சம் நீட்டி எழுதிருப்பேன், பொறுமையா படிங்க.

ஆறுமுகம் மந்திரம் யாரு?

அமெரிக்காவுல ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டியில புரொஃபசர். 1951ல தென் தமிழ்நாட்டுல ஒரு சின்ன கிராமத்துல பொறந்தவரு. மதுரை பல்கலைக்கழகத்துல கெமிஸ்ட்ரி, அப்புறம் ஐஐடி மெட்ராஸ்ல பிஎச்டி, திரும்ப மதுரைக்கே வந்து சில வருஷம் லெக்சரர் வேலை, 1985ல ஆக்ஸ்போர்டுக்குப் போய் ஜான் குட்இனஃப் லேப்ல சேர்ந்தாரு. அடுத்த வருஷமே குட்இனஃப் டெக்சாஸுக்கு மாறினப்போ இவரும் கூடவே போனாரு, 1991ல அங்கேயே ஃபேக்கல்டி ஆனாரு, அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் முக்கியமா பேட்டரி மெட்டீரியல்ஸ்தான். இந்த துறையில யாரோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட எடுத்தாலும் அவர் பேரு எங்கயாவது வந்துடும்.

நோபல் பரிசு அவருக்கா கிடைச்சது?

இல்ல. வாட்ஸ்அப்ல சுத்தற மெசேஜ் எல்லாம் இதைத்தான் குழப்பி விட்டிருக்கு. 2019 கெமிஸ்ட்ரி நோபல் மூணு பேருக்கு, ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்கம், அகிரா யோஷினோ. லித்தியம் அயான் பேட்டரிய உருவாக்கினதுக்காக. குட்இனஃபுக்கு அப்போ வயசு 97, நோபல் வாங்கினவங்கள்லயே ரொம்ப வயசானவரு அவருதான். பரிசு வாங்கறவங்க ஸ்டாக்ஹோம்ல ஒரு நோபல் லெக்சர் குடுக்கணும், குட்இனஃப் சார்பா அந்த லெக்சர குடுத்தது மந்திரம். அதாவது உலகமே பாக்கற மேடையில தன்னோட வேலைய எடுத்து சொல்ல குட்இனஃபுக்கு கிடைச்ச ஆளு இவருதான். முப்பது வருஷத்துக்கு மேல கூட இருந்து, அந்த வேலையில ஒரு முக்கியமான பங்க தானே பண்ணவருக்குத்தான் அது முடியும். என்னைக் கேட்டா "நோபல் வாங்கின தமிழர்"னு பொய்யா ஒரு மெசேஜ் ஃபார்வர்ட் பண்றதை விட உண்மையில நடந்த இதுவே பெருமைப்பட போதும்.

ஒரு நோபல் பரிசை அதிகபட்சம் மூணு பேர்தான் பிரிச்சுக்க முடியும்ங்கறதும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. லித்தியம் பேட்டரி மாதிரி ஒரு விஷயத்துல முக்கியமா வேலை செஞ்சவங்க டஜன் கணக்குல இருப்பாங்க.

அந்த மூணு பேரும் என்ன பண்ணாங்கன்னு சுருக்கமா சொல்ல முடியுமா?

விட்டிங்கம் எழுபதுகள்ல எக்ஸான் கம்பெனியில இருந்தப்போ டைட்டானியம் டைசல்பைடுக்குள்ள லித்தியம் உள்ள போய் வெளிய வர முடியும்னு காட்டினாரு, வோல்டேஜ் சுமார் ரெண்டரை. குட்இனஃப் குரூப் 1980ல ஆக்ஸ்போர்டுல லித்தியம் கோபால்ட் ஆக்சைட கொண்டு வந்தாங்க, வோல்டேஜ் ஏறக்குறைய 4 ஆச்சு. யோஷினோ 1985ல ஆனோடுல, அதாவது பேட்டரியோட நெகட்டிவ் முனையில, லித்தியம் உலோகத்த தூக்கிட்டு கார்பன வெச்சாரு, அதனால செல் பாதுகாப்பா ஆச்சு. 1991ல சோனி மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்தது இந்த வழியிலதான். நம்ம மந்திரம் கதை ஆரம்பிக்கறது 1985லதான், அதாவது கோபால்ட் ஆக்சைடு வந்துடுச்சு, ஆனா கோபால்ட் விலை ஜாஸ்தி, கிடைக்கறதும் கம்மி, இரும்ப வெச்சு பண்ண முடியுமாங்கற கேள்வி நிக்கற நேரத்துல.

பாலிஆனையான், பாலிஆனையான்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன அவ்ளோ பெரிய விஷயம்?

இந்த பேஜுக்கே உயிர் இந்த கேள்விதான், அதனால கொஞ்சம் நிதானமா போவோம்.

ஒரு லித்தியம் செல்லோட வோல்டேஜ் எதுலேர்ந்து வருது? ஆனோடுல லித்தியத்தோட எலக்ட்ரான் இருக்கற எனர்ஜிக்கும், கேத்தோடுல (பாசிட்டிவ் முனை) அந்த எலக்ட்ரான் போய் உக்காரப்போற மெட்டலோட எனர்ஜிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் வோல்டேஜ். கேத்தோடு லெவல் எவ்ளோ கீழ இருக்கோ அவ்ளோ நல்லது. இரும்ப சாதாரண ஆக்சைடா வெச்சா அந்த லெவல் ரொம்ப மேல இருக்கும், 2.5 வோல்ட்டுக்கும் கீழதான் கிடைக்கும், அதை வெச்சு பிரயோஜனம் இல்ல. இரும்பு சல்லிசு, ஊரெல்லாம் கிடைக்கும், விஷமும் இல்ல, ஆனா வோல்டேஜ் இல்ல. இதான் அன்னிக்கு இருந்த நிலைமை.

மந்திரமும் குட்இனஃபும் எடுத்தது ஒரே மாதிரி கட்டமைப்பு உள்ள இரும்பு காம்பவுண்டுகள். இரும்பு மாலிப்டேட், இரும்பு டங்ஸ்டேட், அப்புறம் இரும்பு சல்பேட். மாலிப்டேட், சல்பேட், பாஸ்பேட் மாதிரி ஒரு அணுவ சுத்தி ஆக்சிஜன்கள் கெட்டியா ஒட்டி நிக்கற நெகட்டிவ் அயான் குழுவுக்குத்தான் பாலிஆனையான்னு பேரு. மூணுலயும் இரும்பு மூணு பிளஸ்தான், அதை சுத்தி ஆறு ஆக்சிஜன்தான், அந்த ஆக்சிஜன் ஒவ்வொண்ணோட மறுமுனையிலயும் மாலிப்டினமோ டங்ஸ்டனோ சல்பரோ இருக்கும். லித்தியத்த உள்ள விட்டு அளந்து பாத்தா மாலிப்டேட்டும் டங்ஸ்டேட்டும் 3.0 வோல்ட் குடுத்துச்சு, சல்பேட் 3.6 வோல்ட் குடுத்துச்சு. 1987லயும் 1989லயும் பேப்பரா வந்தது இது.

இரும்பு அதே இரும்பு, ஆக்சிஜன் அதே ஆக்சிஜன், ஆனா 0.6 வோல்ட் வித்தியாசம். ஏன்? ஒரே போர்வைய ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் இழுக்கற மாதிரி, ஒரே ஆக்சிஜன ஒரு பக்கம் இரும்பும் மறுபக்கம் சல்பரும் பிடிச்சு வெச்சிருக்கு, சல்பர் பிடி ரொம்ப இறுக்கம். சல்பர் பக்கம் பிணைப்பு கெட்டியாக கெட்டியாக இரும்பு பக்கம் பிணைப்பு தளர்ந்து போகுது, கோவேலன்ட் தன்மை குறைஞ்சு அயானிக் ஆகுது, அதனால இரும்போட எலக்ட்ரான் லெவல் கீழ இறங்குது. லெவல் கீழ இறங்கினா வோல்டேஜ் ஏறும். இதுக்கு இண்டக்டிவ் எஃபெக்ட்னு பேரு. பிளஸ் டூ ஆர்கானிக் கெமிஸ்ட்ரில குளோரோ அசிட்டிக் ஆசிட் ஏன் அசிட்டிக் ஆசிட விட ஸ்ட்ராங்னு படிச்சிருப்பீங்களே, அதே இண்டக்டிவ் எஃபெக்ட்தான், இங்க ஒரு திடப்பொருளுக்குள்ள பேட்டரி வோல்டேஜையே மாத்துது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா அவங்க அன்னிக்கு ஒரு பெஸ்ட் பேட்டரி கண்டுபிடிக்கல. இரும்பு சல்பேட்ட இன்னிக்கு யாரும் எந்த வண்டியிலயும் போடறதில்ல. அவங்க கண்டுபிடிச்சது வோல்டேஜ எப்படி திருகி ஏத்தறதுங்கற விதி. விதி கையில கிடைச்சா அதுலேர்ந்து மெட்டீரியல் தானா வரும், வந்துச்சு.

அப்போ எல்எஃப்பி பேட்டரி, அதான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதுவும் அவர் கண்டுபிடிச்சதா?

இல்லங்க, அதை இப்படி பிரிச்சு புரிஞ்சுக்கணும். சல்பேட் இடத்துல பாஸ்பேட் வெச்சு, லித்தியத்த முதல்லயே உள்ள வெச்ச, ஆலிவின்ங்கற தாதுவோடது மாதிரி கட்டமைப்பு, அதான் எல்எஃப்பி. அதோட முதல் முக்கியமான பேப்பர் 1997ல பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப்னு மூணு பேர் பேருல வந்துச்சு. பாதிங்கறது இங்க ஒருத்தரோட பேரு, அக்ஷய பாதி. மூணு பேர்ல ரெண்டு பேரு இந்தியர்கள், இதை யாரும் பெருசா பேசறதில்லைங்கறது என் ஆதங்கம். மந்திரம் பேரு அந்த பேப்பர்ல கிடையாது, ஆனா பத்து வருஷம் முன்னாடி அவரும் குட்இனஃபும் போட்ட பாலிஆனையான் அஸ்திவாரத்து மேலதான் அது நிக்குது. இன்னிக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், கார், வீட்டு இன்வெர்ட்டர், சோலார் ஸ்டோரேஜ் எல்லாத்துலயும் எல்எஃப்பி செல் வந்துடுச்சு. 3.4 வோல்ட், கெப்பாசிட்டி (எவ்ளோ சார்ஜ் பிடிக்கும்ங்கறது) கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-அவர் (mAh), சூடானாலும் ஆக்சிஜன அவ்ளோ லேசுல விடாது, ஏன்னா பாஸ்பரஸ் அதை இறுக்கி பிடிச்சிருக்கு. வோல்டேஜுக்கு காரணமான அதே பிணைப்புதான் பாதுகாப்புக்கும் காரணம்.

ஐஐடி மெட்ராஸ்ல பண்ண பிஎச்டிக்கும் பேட்டரிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, இல்ல வெளிநாடு போய்தான் எல்லாம் ஆரம்பிச்சதா?

நேரடி சம்பந்தமே உண்டு. பிஎச்டில அவர் பேராசிரியர் கோபாலகிருஷ்ணன் கூட சேர்ந்து ஆக்சைடு கெமிஸ்ட்ரி பண்ணாரு, மாலிப்டினம் ஆக்சைடுகள், அரிய மண் உலோகங்களோட மாலிப்டேட்கள், அதையெல்லாம் ஹைட்ரஜன்ல ரெட்யூஸ் பண்ணா கட்டமைப்பு எப்படி மாறுது, என்ன புது ஆக்சைடு கிடைக்குதுங்கற வேலை. 1980, 81ல அந்த பேப்பர்கள் வந்திருக்கு. பேட்டரிங்கற வார்த்தைக்கே அதுல இடமில்ல. ஆனா ஆக்ஸ்போர்டுல போய் இரும்பு மாலிப்டேட்ட கையில எடுத்தப்போ அந்த குடும்பத்த பத்தி அவருக்கு ஏற்கனவே நல்லா தெரியும். ஹைட்ரஜன் வெச்சு ரெட்யூஸ் பண்றதும் லித்தியம் உள்ள விட்டு ரெட்யூஸ் பண்றதும் கெமிஸ்ட்ரியா பாத்தா பக்கத்து பக்கத்து வீடு.

பசங்க கிட்ட நான் திரும்ப திரும்ப சொல்றது இதைத்தான். "என் பிஎச்டி டாபிக் ட்ரெண்டிங் இல்ல சார்"னு சோர்ந்து போயி வர்றாங்க. 1980ல மாலிப்டேட் ட்ரெண்டிங் இல்ல, ஆனா அதுல கத்துக்கிட்ட பிணைப்பு, கட்டமைப்பு, ஆக்சிடேஷன் ஸ்டேட் எல்லாம் நாப்பது வருஷம் ஓடுச்சு.

நானோ இதுல எங்க வருது?

எல்எஃப்பி வந்தப்போ ஒரு பெரிய சிக்கலும் கூடவே வந்துச்சு. அது கரண்ட்ட கடத்தறதே இல்லைன்னு சொல்ற அளவுக்கு மோசம், கோபால்ட் ஆக்சைடோட ஒப்பிட்டா பல லட்சம் மடங்கு கம்மி. இன்னொண்ணு, லித்தியம் அதுக்குள்ள ஒரே திசையிலதான் ஓட முடியும், ஒத்தையடி சந்துகள் மாதிரி வரிசையா இருக்கற சேனல்கள்ல. நடுவுல ஒரு இரும்பு அணு இடம் மாறி உக்காந்துட்டா அந்த சேனலே அடைஞ்சு போயிடும். 1997 பேப்பர்லயே கரண்ட் ஜாஸ்தி ஆனா கெப்பாசிட்டி குறையுதுன்னு சொல்லிட்டாங்க.

தீர்வு ரெண்டு பக்கத்துலேர்ந்து வந்துச்சு. ஒண்ணு, துகள் மேல மெல்லிசா கார்பன் பூசறது, இதை கனடாவுல மிஷேல் அர்மான் கூட இருந்த குரூப் 1999 வாக்குல காட்டினாங்க. இன்னொண்ணு, துகளையே நானோ அளவுக்கு சின்னதாக்கறது. கணக்கு ரொம்ப நேரடியானது, ஒரு அயான் துகளுக்குள்ள பரவ எடுக்கற நேரம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி போகும். 1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு, அதாவது 1000 நானோமீட்டர்) துகள 100 நானோமீட்டர் ஆக்கினா தூரம் பத்துல ஒண்ணு, நேரம் நூத்துல ஒண்ணு. அதனாலதான் எல்எஃப்பி வண்டிய ஒரு மணி நேரத்துக்குள்ள சார்ஜ் போட முடியுது.

மந்திரம் குரூப் இதுல பண்ண ஒரு வேலை எனக்கு ரொம்ப இஷ்டம், மைக்ரோவேவ் சால்வோதெர்மல். வழக்கமா எல்எஃப்பி செய்யணும்னா ஃபர்னஸ்ல 600, 700 டிகிரில மணிக்கணக்கா வைக்கணும், அதுவும் ஆக்சிஜன் படாம. இவங்க டெட்ராஎத்திலீன் கிளைக்கால்ங்கற திரவத்துல கெமிக்கல்கள கலந்து, மூடின பாத்திரத்துல மைக்ரோவேவ்ல 300 டிகிரி வரைக்கும் கொண்டு போய் சில நிமிஷத்துலயே நானோராடு, அதாவது குச்சி மாதிரி நானோ துகள் எடுத்தாங்க. அந்த திரவமே இரும்ப ரெண்டு பிளஸ்லயே வெச்சுக்கவும் உதவுது, துகள் பெருசா வளராமயும் பாத்துக்குது. அந்த குச்சியோட குட்டையான திசை நானோமீட்டர் கணக்குல இருக்கு, லித்தியம் ஓடற சேனல் அந்த குட்டை திசையிலேயே வந்தா அயானுக்கு பயண தூரம் கம்மி. அதுக்கு மேல கடத்தற பாலிமர் பூச்சு ஒண்ணு. 2008 வாக்குல வந்த வேலை இது.

அப்போ எல்லாத்தையும் நானோ ஆக்கிட்டா பேட்டரி சூப்பரா ஆயிடுமா?

ஆகாது, இதை அழுத்தி சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல ப்ராஜெக்ட் டைட்டில்ல நானோ இருந்தாலே போதும்ங்கற எண்ணம் இன்னும் போகல. துகள் சின்னதானா மேற்பரப்பு ஏறும், மேற்பரப்பு ஏறினா எலக்ட்ரோலைட் (செல்லுக்குள்ள அயான கடத்தற திரவம்) கூட வேண்டாத ரியாக்ஷனும் ஏறும். எல்எஃப்பி 3.4 வோல்ட்லயே நிக்கறதால எலக்ட்ரோலைட் தாங்குது, அதனால நானோ அங்க செட் ஆச்சு. 4.3 வோல்ட் போற நிக்கல் கேத்தோட அதே மாதிரி நானோ ஆக்கினா மேற்பரப்புலேர்ந்தே கெட ஆரம்பிக்கும், அதனால அங்க பத்து மைக்ரான் அளவு உருண்டை துகள்தான் கம்பெனிகள் பயன்படுத்துது. இன்னொரு பிரச்சனை அடர்த்தி, நானோ பவுடர் பஞ்சு மாதிரி உப்பி நிக்கும், அதே டப்பாவுக்குள்ள கம்மி கிராம்தான் போகும். கிராமுக்கு கெப்பாசிட்டி நல்லா தெரியும், லிட்டருக்கு கணக்கு போட்டா அடி வாங்கும்.

போன் பேட்டரியில இருக்கற லித்தியத்துல பாதிதான் யூஸ் ஆகுதுன்னு சொல்றாங்க, நிஜமா?

லித்தியம் கோபால்ட் ஆக்சைடுக்கு கணக்குப்படி கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர்-அவர், ஆனா ரொம்ப வருஷம் 140 கிட்டதான் எடுத்தாங்க. இப்போ கோட்டிங், டோப்பிங் (வேற தனிமத்த கொஞ்சமா கலக்கறது) எல்லாம் பண்ணி பாதிக்கு மேலயும் போறாங்க. ஏன் பாதியில நிக்குதுங்கற கேள்விக்கு நல்ல பதில் குடுத்தவங்கள்ல மந்திரம் குரூப்பும் உண்டு. பேட்டரிக்குள்ள வெச்சு பாத்தா கார்பன், பைண்டர்ங்கற பசை, எலக்ட்ரோலைட்னு ஆயிரம் குழப்பம், அதனால அவங்க செல்லே கட்டாம, பவுடர ஒரு ஆக்சிடைசர் கரைசல்ல போட்டு கெமிக்கலாவே லித்தியத்த உருவினாங்க. அப்புறம் அந்த பவுடர்ல மெட்டலோட ஆக்சிடேஷன் ஸ்டேட் என்னன்னு அளக்க பயன்படுத்தினது எது தெரியுமா, ஐயோடோமெட்ரிக் டைட்ரேஷன்! பிஎஸ்சி பிராக்டிகல்ல பியூரெட்ல தயோசல்பேட் ஊத்தி, ஸ்டார்ச் போட்டு, நீலம் மறையற வரைக்கும் சொட்டு சொட்டா விட்டு நின்னோமே, அதேதான்.

முடிவு என்னன்னா பாதிக்கு மேல லித்தியத்த எடுத்தா எலக்ட்ரான் கோபால்ட்டுலேர்ந்து மட்டும் போகல, ஆக்சிஜனோட எனர்ஜி பேண்டுலேர்ந்தும் போக ஆரம்பிக்குது, ஏன்னா கோபால்ட்டோட லெவலும் ஆக்சிஜனோட லெவலும் அங்க ஒண்ணு மேல ஒண்ணு படியுது. ஆக்சிஜன் எலக்ட்ரான இழந்தா கடைசியில வாயுவா வெளியேறும், கட்டமைப்பு கெடும். நிக்கல்ல இந்த படிதல் கம்மி, அதனால நிக்கல் ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி லித்தியம் எடுக்கலாம்.

பேட்டரி தவிர வேற எதுவும் பண்ணலையா அவரு?

பண்ணாரு. 1986, 87ல உயர் வெப்பநிலை சூப்பர்கண்டக்டர் (தடையே இல்லாம கரண்ட்ட கடத்தற பொருள்) அலை வந்தப்போ உலகம் முழுக்க ஆக்சைடு தெரிஞ்சவங்க எல்லாரும் அதுல இறங்கினாங்க, டெக்சாஸும் இறங்குச்சு, இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுல ஆக்சிஜன் அளவு மாறினா கட்டமைப்பு எப்படி மாறுதுன்னு 1987லேயே அவங்க பேப்பர் வந்துச்சு. அந்த ஆக்சிஜன் கணக்குப் பழக்கம்தான் பின்னாடி பேட்டரிக்கு வந்தது. ஃபியூயல் செல்லுக்கு பல்லேடியம் அலாய் கேட்டலிஸ்ட், சாலிட் ஆக்சைடு ஃபியூயல் செல் கேத்தோடு எல்லாமும் உண்டு.

லித்தியம் சல்பர் பேட்டரி பத்தி சொல்லுங்க, அது எப்போ வரும்?

எப்போ வரும்னு தேதி சொல்றவங்கள நம்பாதீங்க. சல்பருக்கு கணக்குப்படி கிராமுக்கு 1675 மில்லி ஆம்பியர்-அவர், வோல்டேஜ் சுமார் 2.1 தான் ஆனாலும் கெப்பாசிட்டி அவ்ளோ ஜாஸ்தி. சல்பர் விலையும் கொள்ளை சல்லிசு. பிரச்சனை, டிஸ்சார்ஜ் ஆகும்போது நடுவுல உருவாகற பாலிசல்பைடு (லித்தியமும் சல்பரும் சேர்ந்த காம்பவுண்டுகள்) எலக்ட்ரோலைட்ல கரைஞ்சு ஆனோடு பக்கம் போய் லித்தியத்தோட சேர்ந்துக்கும், திரும்ப வரும், இப்படி அங்கயும் இங்கயும் ஓடிட்டே இருக்கும், கெப்பாசிட்டி கரைஞ்சு போகும். சல்பர நானோ துளைகளுக்குள்ள அடைச்சு வைக்கலாம்னு நிறைய பேர் கஷ்டமான கட்டமைப்பெல்லாம் செஞ்சாங்க. மந்திரமும் அவர் ஸ்டூடன்ட்டும் 2012ல நுண்துளை கார்பன் பேப்பர் ஒண்ண கேத்தோடுக்கும் செப்பரேட்டருக்கும் (ரெண்டு முனையும் தொட்டுக்காம பிரிக்கற மெல்லிய படலம்) நடுவுல வெச்சாங்க, அவ்ளோதான். கரைஞ்சு வர்ற பாலிசல்பைட அது தடுத்து பிடிச்சுக்கும், கரண்ட்டும் கடத்தறதால பிடிச்சத திரும்பவும் பயன்படுத்திக்கும். சிக்கலான நானோ சிந்தசிஸ் இல்லாம செல்லோட அமைப்ப மாத்தி ஒரு வழி காட்டினது அது. இதுக்கப்புறம் இன்டர்லேயர்னு ஒரு தனி கிளையே வளர்ந்துச்சு.

லித்தியம் உலோக ஆனோடு தொல்லை மட்டும் அப்படியேதான் இருக்கு. எலக்ட்ரோலைட் கம்மியா ஊத்தினாலும் வேலை செய்யணும், அதுதான் இப்போ எல்லாரையும் படுத்தி எடுக்கறது.

கோபால்ட் வேணாம்னு எதுக்கு இவ்ளோ பாடுபடறாங்க?

உலகத்து கோபால்ட்ல பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசுலேர்ந்து வருது, அங்க சுரங்கத்துல குழந்தைங்க வேலை செய்யற கொடுமை பத்தி நிறைய பதிவாகியிருக்கு. விலையும் ஒரு வருஷம் இருக்கற மாதிரி அடுத்த வருஷம் இருக்காது. 2020ல மந்திரம் குரூப் கோபால்ட்டே இல்லாம நிக்கல், மாங்கனீஸ், அலுமினியம் மூணையும் வெச்சு ஒரு கேத்தோடு காட்டினாங்க, நிக்கல் பங்கு 89 பர்சென்ட். கோபால்ட் இல்லாட்டி, லித்தியமும் மெட்டலும் அடுக்கடுக்கா இருக்கற லேயர் கட்டமைப்பு சரியா வராதுன்னு ரொம்ப நாளா இருந்த நம்பிக்கைய அது நல்லா அசைச்சுச்சு. டெக்ஸ்பவர்னு ஒரு கம்பெனியும் அந்த லேப்லேர்ந்து கிளம்பியிருக்கு. லேப்ல கிராம் கணக்குல செஞ்சத டன் கணக்குல செய்யறது வேற லெவல் வேலை, நிக்கல் ஜாஸ்தி இருக்கற பவுடர் காத்துல ஈரம் பட்டாலே மேல லித்தியம் கார்பனேட் படிஞ்சு போயிடும்.

ஒரு பேட்டரி லேப்ல தினமும் என்னதான் நடக்கும்? பிஎச்டி லைஃப் எப்படி இருக்கும்?

காயின் செல், அதாவது டெஸ்ட் பண்ண கட்டற காசு மாதிரி குட்டி செல், கட்டறது எப்படின்னு சொல்றேன், அதுவே பாதி லைஃப். ஆக்டிவ் பவுடர், கார்பன் பிளாக், பிவிடிஎஃப் பைண்டர், மூணையும் என்எம்பிங்கற கரைப்பான்ல கலக்கணும், இட்லி மாவு பதம் தாண்டி தோசை மாவு பதத்துக்கு கொஞ்சம் முன்னாடி நிக்கணும், ரொம்ப தண்ணியா இருந்தா பூச்சு ஓடும், கெட்டியா இருந்தா கோடு கோடா கீறல் விழும். அதை அலுமினியம் ஃபாயில் மேல டாக்டர் பிளேடுங்கற தகடு வெச்சு ஒரே இழுப்பா இழுக்கணும். ராத்திரி முழுக்க வேக்குவம் அவன்ல காய வெச்சு, பஞ்ச் பண்ணி, ஒவ்வொரு வட்டத்தையும் எடை போட்டு நோட்ல எழுதணும்.

அப்புறம் ஆர்கான் நிரப்பின க்ளவ் பாக்ஸ். தண்ணியும் ஆக்சிஜனும் ஒரு பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கீழ இருக்கணும். தடி ரப்பர் க்ளவுக்குள்ள கைய விட்டு, ட்வீசர்ல லித்தியம் வில்லைய எடுத்து, நல்ல லித்தியம் வெள்ளியாட்டம் பளபளன்னு இருக்கும், கறுத்துட்டா அந்த பாக்ஸ்ல ஏதோ கோளாறு, அது மேல செப்பரேட்டர், சில சொட்டு எலக்ட்ரோலைட், கேத்தோடு, ஸ்பேசர், ஸ்ப்ரிங், மூடி. கிரிம்பர்ல வெச்சு அழுத்தணும். செப்பரேட்டர் அரை மில்லிமீட்டர் நகர்ந்தா ஷார்ட். வெளிய கொண்டு வந்து வோல்ட்மீட்டர வெச்சா 3 வோல்ட் பக்கம் காட்டணும், பூஜ்யம் காட்டினா திரும்ப முதல்லேர்ந்து.

அதுக்கப்புறம் காத்திருக்கறதுதான். மெதுவா ஓட்டினா ஒரு சைக்கிளுக்கே (ஒரு தடவ சார்ஜ், ஒரு தடவ டிஸ்சார்ஜ்) ஒரு நாளுக்கு மேல ஆகும், ஐநூறு சைக்கிள்னா மாசக்கணக்கு. நடுவுல கரண்ட் போச்சுன்னா டேட்டா போச்சு. எல்எஃப்பியோட முதல் கர்வ் ஸ்கிரீன்ல வரும்போது 3.4 கிட்ட கோடு போட்டாப்ல சமமா நீளும் பாருங்க, லித்தியம் இருக்கறது, இல்லாததுன்னு ரெண்டு ஃபேஸும் கூடவே இருந்து ஒண்ணு இன்னொண்ணா மாறறதோட அடையாளம் அது, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்கவே இல்ல.

பேப்பர்ல ஆயிரம் சைக்கிள், பத்தாயிரம் சைக்கிள்னு போடறாங்க, நம்பலாமா?

மூணு விஷயம் பாருங்க. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தன மில்லிகிராம் பூசிருக்காங்கன்னு முதல்ல தேடுங்க, ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்ல வர்ற ரிசல்ட் கம்பெனி செல்லுல போடற பத்து இருபது மில்லிகிராம்ல வராது. அடுத்து எதிர்பக்கம் லித்தியம் உலோகம் கொட்டிக் கிடக்கா இல்ல கிராஃபைட்டாங்கறது. லித்தியம் நிறைய இருந்தா இழப்பு வெளிய தெரியாது. கூலும்பிக் எஃபிஷியன்சி (உள்ள போட்ட சார்ஜ்ல எவ்ளோ திரும்ப கிடைக்குதுங்கற அளவு) 99.9 பர்சென்ட்னு பெருமையா போட்டிருப்பாங்க, லித்தியம் அளவா இருக்கற நிஜ செல்லுல ஆயிரம் சைக்கிளுக்கு கணக்கு போட்டா சுமார் 37 பர்சென்ட்தான் மிஞ்சும். 99.99 இருந்தா 90 மிஞ்சும். அந்த ஒரு ஒன்பதுக்காக ஒரு ஸ்டூடன்ட்டோட நாலஞ்சு வருஷம் போகும். மூணாவது, எலக்ட்ரோலைட் எவ்ளோ ஊத்தினாங்கன்னு எழுதவே இல்லைன்னா அந்த பேப்பர ஓரமா வெச்சுடுங்க.

தமிழ்நாட்டுலேயே இதை படிக்க முடியுமா?

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கே. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948 ஜூலை 25ல நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயம் ஜனவரி 14ல ராதாகிருஷ்ணன் திறந்து வெச்ச ஆராய்ச்சி நிலையம். எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்குன்னே தனியா ஒரு தேசிய லேப், அரிமானம், எலக்ட்ரோபிளேட்டிங், பேட்டரி, ஃபியூயல் செல், சென்சார்னு எல்லாமே அங்க நடக்குது. பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பிடெக்கும் அங்க உண்டு. ஐஐடி மெட்ராஸ், அண்ணா யுனிவர்சிட்டி, அழகப்பா யுனிவர்சிட்டின்னு மத்த இடங்கள்லயும் குரூப்கள் இருக்கு.

எம்எஸ்சி முடிச்சா சிஎஸ்ஐஆர் நெட் பரீட்சை எழுதுங்க, ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தா 2023லேர்ந்து மாசம் 37,000 ரூபாய், கூட எச்ஆர்ஏ. இன்ஜினியரிங் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு கேட் (GATE) பரீட்சை வழி உண்டு. ஊர்ல மெட்டீரியல்ஸ் பிஎச்டின்னா வேலை கிடைக்குமான்னு அம்மா அப்பா பயப்படறாங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க, பயம் புரியுது, இப்போ செல் ஃபேக்டரி, வண்டி கம்பெனி, டெஸ்டிங் லேப்னு ஆள் தேடறாங்க, பத்து வருஷம் முன்னாடி இந்த நிலைமை இல்ல.

நான் பிசிக்ஸ் ஸ்டூடன்ட், கெமிஸ்ட்ரி வீக். வரலாமா?

குட்இனஃபே பிசிக்ஸ் பிஎச்டிதான், சிகாகோவுல. எம்ஐடியோட லிங்கன் லேப்ல காந்த ஆக்சைடு பண்ணிட்டு 54 வயசுலதான் ஆக்ஸ்போர்டுக்கு கெமிஸ்ட்ரி லேப் ஹெட்டா வந்தாரு. பேண்டு, லெவல், ஆர்பிட்டல்னு அவர் யோசிக்கறதும், எந்த காம்பவுண்ட எப்படி செய்யணும்னு மந்திரம் யோசிக்கறதும் ஒரே டேபிள்ல சேர்ந்ததாலதான் அந்த சல்பேட் வேலை வந்ததுன்னு நான் நினைக்கறேன். வாங்க, ஆனா முதல் வருஷத்துல ரெடாக்ஸ் (எலக்ட்ரான் குடுக்கற வாங்கற ரியாக்ஷன்), எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வெச்சு கட்டமைப்பு பாக்கறது), இம்பீடன்ஸ் (ஏசி கரண்ட்டுக்கு செல் காட்டற தடைய அளக்கறது) மூணையும் ஒழுங்கா உக்காந்து படிங்க, டைட்ரேஷன கைல பண்ணிப் பாருங்க.

அவர் எழுதினதுல முதல்ல எதைப் படிக்கலாம்?

2020ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல லித்தியம் அயான் கேத்தோடு கெமிஸ்ட்ரி பத்தி திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு கட்டுரை எழுதிருக்காரு, காசு கட்டாம யார் வேணா படிக்கலாம். லேயர், ஸ்பினல், பாலிஆனையான்னு கட்டமைப்ப வெச்சு பிரிக்கற மூணு கேத்தோடு குடும்பமும் எப்படி வந்துச்சுன்னு அங்க இருந்தவரே சொல்றாரு. எம்எஸ்சி லெவல் போதும், புரியும். அதை முடிச்சுட்டு 1989 சல்பேட் பேப்பர தேடி எடுங்க, 2020 கட்டுரையில சொல்ற விதிய முதல்ல எந்த டேட்டாவ வெச்சு சொன்னாங்கன்னு அதுல தெரியும்.